தகரம் என்றே எழுது

மச்சிங்கா மாவட்டம். ஆகஸ்ட் புழுதி.
எனக்கு மூன்று மாத ஒப்பந்தம், ஒரு கைக்கணினி,
வீட்டுக்கு நாற்பது நிமிடம், அறுபத்திரண்டு கேள்விகள்.
இவர் ஏழையா இல்லையா என்று
கடைசியில் திரையே சொல்லிவிடும்.
என் அபிப்பிராயத்துக்கு அதில் கட்டமில்லை.

எஸ்நாத் கம்வெண்டோ முற்றத்தில் துவரை காயவைத்திருந்தார்.
நான் வணக்கம் சொல்லுமுன்
"கூரையைப் பார்க்கத்தானே வந்தாய்?" என்றார்.

ஒரே சட்டியில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?
ஏழு. பள்ளி விடுமுறையில் ஒன்பது.
கடந்த ஏழு நாளில் மீன்?
வாசனை வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து.
கோழி?
நாலு.
ஐந்தாவது கூரைமேல் நின்று
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.
"அதை இன்னும் பிடிக்கவில்லையே.
பிடித்தால் ஐந்தென்று போட்டுக்கொள்."

கேள்வி நாற்பத்தொன்று. கூரை: புல்லா, தகரமா?
இந்தக் கேள்விக்கு மட்டும் எடை அதிகம்.
எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை,
ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.
முந்தின நாள் நாலு வீடு தள்ளி ஒருவர்
தகரத்தைப் பிரித்துச் சோளத்தட்டைக்குள் ஒளித்துவிட்டு
அவசரமாகப் புல் வேய்ந்திருந்தார்.
உத்தரத்தில் ஆணிகள் இன்னும் பளபளத்தன.
புல் என்றுதான் எழுதினேன்.

எஸ்நாத்திடமும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
அடுப்படிக்குப் புல்தானே, அதையே எழுதிவிடலாம்.
துவரையைக் கிளறிய கை நின்றது.

"தகரம் என்றே எழுது.
பன்னிரண்டு தகடு, எண்ணிக்கொள்.
பதினான்கு பெண்கள், ஒரு பெட்டி, அதற்கு மூன்று பூட்டு.
மூன்று சாவியும் மூன்று வீட்டில்.
ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம்
யாருக்கும் கடன் கிடையாது, அவளைப் பார்க்கப் போவோம்.
அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது தகரமில்லை, தராசு.
வியாபாரி ஐம்பது கிலோ என்ற மூட்டை
எங்கள் தராசில் ஐம்பத்தெட்டு.
இறக்கி மறுபடி ஏற்றினோம். ஐம்பத்தெட்டு.
ஒரு மூட்டைக்கு எட்டு கிலோ, எத்தனை வருஷமாக!
அன்று யாரும் கைதட்டவில்லை.
ஃபைனெஸ் மட்டும் அழுதாள்,
செத்துப்போன புருஷனைக்
கணக்குத் தெரியாதவன் என்று ஏசியதெல்லாம் நினைத்து.
அந்த எட்டு கிலோதான் மேலே கிடக்கிறது.
அதைப் புல் என்பாயா?"

மானிய உரம் கிடைக்காது, என்றேன்.
"கிடைக்காது," என்றார் அவரும்,
எனக்கு விளக்குவதுபோல.
கொஞ்சம் கழித்து:
"ஃபைனெஸுக்குமா? அவளுக்கு மூன்றே தகடு.
மீதி பாலித்தீன்."
எனக்குத் தெரியவில்லை.
மூன்று தகட்டுக்கும் ஒரே கட்டம்தான்.

புதுத் தார்ச்சாலையில் லாரி ஒன்று போனது,
கடல்தாண்டி யார் வீட்டுக் குழம்பிலோ
கரையப்போகும் துவரை.
எங்கோ வானொலி,
நாட்டின் வளர்ச்சி ஐந்து புள்ளி சொச்சம் என்றது.
ஐந்து யாருக்கு, புள்ளி யாருக்கு,
சொச்சம் யாருக்கு என்று சொல்லாமலே
பாட்டுக்குப் போய்விட்டது.

தகரம் என்பதைத் தொட்டேன்.
மீதிக் கேள்விகளை இருவரும் வேகமாக முடித்தோம்.
திரை பச்சையாகி, 'தகுதியில்லை' என்றது.
எஸ்நாத் எட்டிப் பார்த்தார்.
"பச்சை நல்லதுதானே?"

மாலை மினிபஸ்ஸில், முழங்காலில் யாருடைய மூட்டையோ இடிக்க,
என் வீட்டை நானே நிரப்பிப் பார்த்தேன்.
கூரை: தகரம், வாடகைக்கு. கோழி: இல்லை.
ஒரே சட்டியில்: ஆறு.
ஒப்பந்தம் முடியப் பதினெட்டு நாள்,
அதற்குக் கேள்வியே இல்லை.
முடிவு வருமுன் அழித்துவிட்டேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
நான் கிளம்பும்போது அந்தக் கோழி இறங்கிவந்து
துவரையைக் கொத்திக்கொண்டிருந்தது.
எஸ்நாத்தின் பக்கத்தைத் திறந்தேன்.
நாலு.
அப்படியே விட்டேன்.